வீட்டு கம்ப்யூட்டருக்கும் ஆன்டிவைரஸ் வேணுமா? வைரஸ் வரும் முன்பே வழி சொன்ன வான் நியூமன் யார்?

கிருமாம்பாக்கத்தில் வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். நெட் கூட இல்லை, இதுக்கு எதுக்கு ஆன்டிவைரஸ்னு நினைக்கிறீங்களா? பதில் ஜான் வான் நியூமனின் வாழ்க்கையில் இருக்கு.

1903-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த கணித மேதை இவர். 1930-களில் அமெரிக்காவில் குடியேறினார். புரோகிராமையும் டேட்டாவையும் ஒரே மெமரியில் வைக்கும் கம்ப்யூட்டர் வடிவமைப்பை 1945-ல் விளக்கி எழுதினார். இன்றைய கம்ப்யூட்டர்களின் அடிப்படை அதுதான்.

சிக்கலும் அங்கேதான். டேட்டாவைப் போலவே புரோகிராமையும் நகலெடுக்கலாம், மாற்றலாம். தன்னைத்தானே நகலெடுக்கும் இயந்திரம் சாத்தியம் என்று 1949-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக உரைகளில் விளக்கினார்.

1957-ல், 53 வயதில் புற்றுநோயால் மறைந்தார். 1971-ல் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவும் 'கிரீப்பர்' வந்தது. அதை அழிக்க 'ரீப்பர்' வந்தது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணி கம்ப்யூட்டர் ஒன்றிலேயே மால்வேர் புகுந்தது.

உங்க வீட்டு கம்ப்யூட்டருக்கு ஒரு பென் டிரைவ் போதும். தனியா காசு கொடுத்து வாங்கணும்னு இல்லை. விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டரை ஆஃப் பண்ணாதீங்க, அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க, பென் டிரைவை ஸ்கேன் பண்ணிட்டு திறங்க.