பாகவதரை வீழ்த்தியது சிறையா?

நவம்பர் முதல் நாள் எம்.கே. தியாகராஜ பாகவதரின் நினைவு நாள். 1959-ஆம் ஆண்டு அந்நாளில், தமது 49-ஆவது வயதில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். ஆண்டுதோறும் வெளியாகும் நினைவுக் குறிப்புகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே கதையைத்தான் சொல்கின்றன. புகழின் உச்சியில் இருந்தவர் கொலை வழக்கில் சிக்கினார், சிறை சென்றார், திரும்பி வந்தபோது எல்லாம் போயிருந்தது. விதி வலியது என்று அக்கதை முடியும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். விதியின் மீது பழியைப் போடுவதற்கு முன் சந்தையை ஒருமுறை பார்த்துவிடுவது எங்கள் துறையின் பழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்தால் பாகவதரின் வாழ்க்கை சற்று வேறுவிதமாகத் தெரிகிறது. அதில் இன்றைய இளம் கலைஞர்கள் அறிய வேண்டியதும் உண்டு.

1910 மார்ச் முதல் நாள் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் தியாகராஜன். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குப் பள்ளியைவிடப் பாட்டில்தான் நாட்டம். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் நாடக ஆர்வலர். அவர் நடத்திய அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார் சிறுவன் தியாகராஜன். பின்னர் முறையாகக் கர்நாடக இசை பயின்று, நாடக மேடையில் பாகவதர் ஆனார்.

அன்றைய நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் குரல் எட்ட வேண்டும். எனவே உச்ச சுருதியில் தடங்கலின்றிப் பாடுவோரே நட்சத்திரங்கள். எஸ்.ஜி. கிட்டப்பா இந்த வகையில் ஈடற்றவராக விளங்கி, 1933-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் விட்டுச் சென்ற வெற்றிடத்தில்தான் பாகவதர் வந்து நின்றார்.

மறு ஆண்டே, 1934-இல், அவரது முதல் திரைப்படமான 'பவளக்கொடி' வெளிவந்தது. மேடையில் வெற்றி கண்ட நாடகத்தையே கே. சுப்ரமணியம் படமாக்கினார். தென்சென்னையில் வாழ்வோருக்கு இதில் ஓர் உரிமை உண்டு. அப்படம் அடையாற்றில் இருந்த மீனாட்சி சினிடோன் படப்பிடிப்புத் தளத்தில் உருவானது. சூரிய ஒளியை நம்பி நடந்த படப்பிடிப்பு அது. வசனமும் பாட்டும் அந்த இடத்திலேயே பதிவாக வேண்டும் என்பதால், உணவு வேளையில் கூடும் காக்கைகளின் கரைச்சல் பெருந்தொல்லையாக, அவற்றை விரட்டுவதற்கென்றே ஓர் ஆளை வைத்திருந்தார்களாம். வேடிக்கையான செய்திதான், ஆனால் நடிப்பதும் பாடுவதும் ஒரே கணத்தில், ஒரே உடலில் நிகழ்ந்தாக வேண்டியிருந்த காலம் அது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பொருளியலில் கூட்டுப் பொருள் என்றொரு கருத்து உண்டு. ஆட்டை வளர்த்தால் இறைச்சியும் தோலும் சேர்ந்தே கிடைக்கும். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் உற்பத்தி செய்ய முடியாது. வகுப்பில் இதை விளக்கப் பாடநூல் தரும் எடுத்துக்காட்டுகளோடு பாகவதரையும் சேர்த்துக்கொள்வேன். பொலிவான முகம், தோள் வரை புரளும் முடி, தேர்ந்த சங்கீதம் ஆகிய மூன்றும் ஒருவரிடமே இருந்தால்தான் அன்று கதாநாயகன். அப்படிப்பட்டவர் ஊருக்கு ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். அருமைப்பாடு மிகுந்த பொருளுக்கு விலையும் மிகும். அவரது ஊதியமும் புகழும் அந்த அருமைப்பாட்டின் விலைகள்.

1937-இல் வெளிவந்த 'சிந்தாமணி' ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் வருவாயைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு திரையரங்கே எழுந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'யும் அதே ஆண்டில் வந்து வெற்றி பெற்றது. பாபநாசம் சிவனின் பாடல்களும் ஜி. ராமநாதனின் இசையும் பாகவதரின் குரலும் சேர்ந்து, சபாக்களுக்குள் இருந்த ராகங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக மட்டுமே இடம் தந்த இசைத்தட்டு, ராக விரிவைச் சுருக்கி, பல்லவியை எவரும் முணுமுணுக்கும்படி செய்தது. வெற்றிப் பாடல் என்ற சரக்கு தமிழில் உருவானது அப்போதுதான்.

எந்தப் பாட்டு முதலிடம் என்று சொல்லும் பட்டியல் நம்மிடம் அன்று இல்லை. அமெரிக்காவில் பில்போர்டு இதழ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலை 1940-இல் தொடங்கியது. பிரிட்டனில் 1952 நவம்பரில் அத்தகைய பட்டியல் வந்தது. அடுத்த மாதமே இலங்கை வானொலியில் இந்திப் பாடல்களுக்கான பினாக்கா கீத்மாலா தொடங்கியது. தமிழில் படம் ஓடிய வாரங்களின் எண்ணிக்கைதான் பட்டியல். பாட்டை மறுபடி கேட்க வேண்டுமானால், இசைத்தட்டுப் பெட்டி வாங்க வசதியில்லாதவர் மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும்.

அதற்குப் போக்குவரத்தும் துணை நின்றது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் போன்ற ஊர்களுக்கு ஜார்ஜ் டவுன் எட்டும் தொலைவுக்குள் வந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு வந்தபோது, அதன் மாணவர்களுக்கும் நகரத்துக்கும் இடையே இருந்த உறவை அறுந்துபோகாமல் காத்தது இந்த ரயில்தான். பிராட்வே திரையரங்கில் பாகவதர் படம் பார்த்துவிட்டு ரயிலில் பாடிக்கொண்டே திரும்பிய கதையை எங்கள் தாம்பரத்து முதியவர்கள் சிலர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிராட்வே திரையரங்கில்தான் 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாகவதர் பாடிய சாருகேசி ராகப் பாடல், அதிகம் வழங்காதிருந்த அந்த ராகத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. ஆனால், படம் வெளியான சில வாரங்களுக்குள், அவதூறு இதழ் நடத்திவந்த லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆயினர். தம் படம் வரலாறு காணாத வகையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியை அதன் நாயகர் வழக்கிலும் சிறையிலும் கழித்தார்.

இங்கேதான் வழக்கமான கதையில் ஒரு கேள்வி எழுகிறது. ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. ஆனால் என்.எஸ். கிருஷ்ணன் மீண்டும் எழுந்து நின்றார். 1949-இல் 'நல்லதம்பி', 1951-இல் அவரே இயக்கிய 'மணமகள்' என வெற்றி தொடர்ந்தது. மக்கள் அவரை முன்னிலும் அதிகமாக நேசித்தனர். சிறைதான் காரணம் என்றால் அது இருவரையும் அல்லவா வீழ்த்தியிருக்க வேண்டும்? ஒரே நிகழ்வுக்கு ஆட்பட்ட இருவரின் விளைவுகள் வேறுபட்டால், வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்பது ஆய்வு முறையின் பாலபாடம்.

அந்த வேறு காரணம் பாட்டுத் தொழிலுக்குள் நடந்துகொண்டிருந்த மாற்றம். முதலில் போர். கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியது. நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் அது இரண்டு மணி நேரம் மட்டுமே. 'பவளக்கொடி'யில் ஐம்பது பாடல்கள் வரை இடம்பெற முடிந்தது. அத்தகைய தாராளத்துக்கு இனி இடமில்லை.

அடுத்தது பின்னணிப் பாடல். ஏவி. மெய்யப்பன் 1938-இல் 'நந்தகுமார்' படத்திலேயே இதைச் செய்து பார்த்திருந்தார். 1945-இல், பாகவதர் தண்டனை பெற்ற அதே ஆண்டில், 'ஸ்ரீவள்ளி' படத்தில் நாயகி ருக்மிணியின் குரல் நிறைவு தராததால், பி.ஏ. பெரியநாயகியின் குரலை அதன் இடத்தில் பொருத்தினார். 1947 ஜனவரியில் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாட, திரையில் குமாரி கமலா ஆடினார். மூன்று மாதங்கள் கழித்துப் பாகவதர் விடுதலையானார். அவர் உள்ளே சென்றபோது விதிவிலக்காக இருந்த ஒன்று, வெளியே வந்தபோது வழக்கமாகிக்கொண்டிருந்தது.

ஆக, கூட்டுப் பொருள் பிரிந்துவிட்டது. முகம் ஓரிடத்திலும் குரல் வேறிடத்திலும் கிடைக்கும் என்றானபின், இரண்டும் ஒருவரிடமே இருப்பதற்குத் தனி விலை ஏன்? ஒலிவாங்கி முன்னேறியதால் உச்ச சுருதியும் தேவையற்றுப் போனது. 1951-இல் 'சம்சாரம்' படத்தின் வழியே வந்த ஏ.எம். ராஜாவின் மென்குரல், காதோடு பேசுவது போல் ஒலித்தது. பாட்டு இருந்த இடத்தை வசனமும் பிடித்துக்கொண்டது. 1952-இல் பாகவதரின் 'அமரகவி' வந்த ஆண்டில்தான் 'பராசக்தி'யும் வந்தது. அதன் நாயகர் சிவாஜி கணேசனுக்குப் பாட வேண்டிய தேவையே இருக்கவில்லை, சி.எஸ். ஜெயராமன் பாடினார். சொல்லாற்றலே முதலாகக் கொண்ட கலைவாணருக்கு இந்தப் புதிய சந்தை வசதியாக இருந்தது. பாட்டையே முதலாகக் கொண்ட பாகவதருக்கு அப்படி இல்லை.

இரு எடுத்துக்காட்டுகள் போதும். 1937-இல் அம்பிகாபதியாக நடித்தவரும் பாடியவரும் பாகவதர் ஒருவரே. 1957-இல் அதே கதை மீண்டும் படமானபோது நடித்தவர் சிவாஜி கணேசன், பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். இசை அதே ஜி. ராமநாதன்! சௌந்தரராஜன் தொடக்கத்தில் பாகவதரை அடியொற்றிப் பாடியவர்தாம் என்பதையும் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு வெளிவந்த பாகவதரின் 'புது வாழ்வு' தோல்வியுற்றது. 'அசோக் குமார்', 'ராஜமுக்தி' ஆகிய படங்களில் பாகவதருக்குத் துணை வேடத்தில் வந்த எம்.ஜி. ராமச்சந்திரன் பாடகர் அல்லர். ஆயினும் இரவல் குரலோடு பாகவதரை விஞ்சிய நட்சத்திரமானார். 'பவளக்கொடி' உருவான அடையாற்று வளாகமே பின்னாளில் அவரது சத்யா ஸ்டுடியோ ஆனது.

இதைச் சொல்வதால் சிறையின் கொடுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வழக்கில் சிக்காதிருந்தால், மாற்றத்தின் நடுவே நின்று அவரும் மாறக் கற்றிருக்கலாம், ராமநாதன் கற்றாரே! நீதிமன்றம் அவருக்கு விடுதலையைத் தர முடிந்தது. இழந்த ஆண்டுகளைத் தர முடியவில்லை. வேகமாக மாறும் ஒரு தொழிலில் இருப்பவருக்கு நீதி தாமதமாவது, தீர்ப்பு எதுவாயினும், தண்டனையே. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாக அடைபட்டிருக்கும் எளியோர் நம் நாட்டில் இன்றும் பலர். அவர்களின் கைத்தொழிலும் வெளியே மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசி ஆண்டுகளில் நீரிழிவும் பார்வைக் குறைவும் பாகவதரை வாட்டின. ஆனாலும் அவர் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தார். அவரது பதினான்காவதும் இறுதியானதுமான 'சிவகாமி' அவர் மறைந்தபின் 1960-இல் வெளியானது. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அவர் அடக்கமானார்.

இன்று சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் ஓர் அறையும் ஒரு கணினியும் கொண்டு பாட்டு உருவாக்கி வெளியிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பட்டியல் இப்போது வாரத்துக்கு ஒருமுறை அன்று, மணிக்கு மணி மாறுகிறது. எழுதுபவர், இசைப்பவர், பாடுபவர் எனப் பிரிந்த வேலைகள் ஒரே ஆளிடம் மீண்டும் சேர்கின்றன. இன்னொரு பக்கம் இயந்திரமே குரலைப் போலி செய்யத் தொடங்கிவிட்டது. முதலிடத்தில் இருப்பவர் தம் திறமையால் மட்டுமே அங்கு இருப்பதாக நினைக்க வேண்டாம். அதை இழப்பவர் தம் திறமை போய்விட்டதாக நொந்துகொள்ளவும் வேண்டாம். 1944-இல் பாடிய அதே பாகவதர்தான் 1952-இலும் பாடினார். மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு. அடுத்த நினைவு நாளிலாவது விதியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஏற்பாட்டைப் பற்றியும் பேசுவோம்.