மனநல மருத்துவர் கோவிந்தசாமி

ஊரார் பழிக்கும் நோய்கள் சில உண்டு. தொழுநோயும் எலும்புருக்கி நோயும் ஒரு காலத்தில் அவ்வாறு பழிக்கப்பட்டன. மருந்து வந்தது, பழியும் குறைந்தது. மனநோய்க்கோ மருந்து வந்த பின்னும் பழி நீங்கவில்லை. சென்னையில் ஒருவரைக் கேலி செய்யக் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே போதும். பெங்களூரில், லிங்கராஜபுரம் போன்று தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளில், நிம்ஹான்ஸ் என்னும் பெயர் அதற்குப் பயன்படுகிறது. நகைப்பதற்காக நாம் எடுத்தாளும் அந்த இடம் யாருடைய உழைப்பால் உருவாயிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிய விரும்புவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் டாக்டர் எம். வி. கோவிந்தசாமி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூர்ப் பேட்டைப் பகுதியில் பைத்தியக்கார விடுதி ஒன்று இருந்தது. அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய விடுதிகளின் முதல் வேலை காவல். மருத்துவம் அதற்குப் பின்னர்தான். 1925இல் மைசூர் அரசு அவ்விடுதியின் பெயரை மனநோய் மருத்துவமனை என்று மாற்றியது. பெயர் மாறினால் போதுமா? உள்ளே நடப்பதும் மாற வேண்டுமன்றோ? அம்மாற்றத்தைத் தொடங்கியவர் டாக்டர் பிராங்க் நொரோனா. அவர் காலத்தில்தான் ஓசூர்ச் சாலையருகே, நகர நெரிசலுக்கு அப்பால், காற்றோட்டமான புதிய மருத்துவமனைக்குத் திட்டமிடப்பட்டது. அவருக்குப் பின், 1930களின் இறுதியில், பொறுப்பேற்றவர் கோவிந்தசாமி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த அவர், மைசூர் நாட்டு மருத்துவப் பணியிலிருந்து அயல்நாடு சென்று மனநோய் மருத்துவம் பயின்றார். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனை, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என அன்றைய பெரும் பள்ளிகளை அவர் கண்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியராக இருந்தவர் அடால்ஃப் மேயர். நோயைத் தனியே பிரித்துப் பார்க்காமல் நோயாளியின் வாழ்க்கை முழுவதையும் பார்க்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்த சூழல், பட்ட துன்பம், செய்த தொழில், இழந்த உறவு அனைத்தையும் ஆண்டு வாரியாக எழுதி ஆராய வேண்டும் என்பது மேயரின் கொள்கை. மனநோயாளியின் பேச்சு பொருளற்ற பிதற்றல் என்று தள்ளிய காலத்தில், அப்பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று கற்பித்த பள்ளி அது.

ஆயினும் அந்நாளில் மருத்துவர் கையில் இருந்த கருவிகள் யாவை? கார்டியசால் ஊசியால் வலிப்பை உண்டாக்குதல், இன்சுலின் கொடுத்து நினைவிழக்கச் செய்தல், மின்னதிர்ச்சி ஆகியவையே. இவற்றைக் கோவிந்தசாமியும் கையாண்டார். அதற்கு மேலும் ஒரு படி சென்றார். மூளையின் முன்மடலிலுள்ள நரம்பிழைகளை அறுத்துவிடும் லியூக்காட்டமி என்னும் அறுவையை, பாலகிருஷ்ண ராவ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து இந்திய நோயாளிகளுக்குச் செய்தார். அதன் விளைவுகளை இருவரும் 1944இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். அன்று அது வியப்புக்குரிய முன்னேற்றமாகக் கருதப்பட்டது. பலருடைய ஆளுமையையே அது மழுங்கடித்தது என்பதைப் பின்னர் உலகம் உணர்ந்து, அவ்வறுவையைக் கைவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் இசைவும் வாரியத்தின் ஒப்புதலும் இன்றி மனநோய்க்கு மூளை அறுவை செய்யக் கூடாது என்கிறது.

பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கத்தை மறைத்துவிடுவது நம்மிடையே வழக்கம். மறைப்பது அறிவியலுக்கு அழகன்று. கருவி குறைந்த காலத்தில் நல்லெண்ணம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. அளந்து பார்க்கவும், ஐயுறவும், கேட்கவும் பயின்றவர்கள் அவர் அருகில் இருக்க வேண்டும். இதுவே அவ்வரலாறு தரும் பாடம். கோவிந்தசாமியின் வாழ்க்கையில் மிகச் சிறந்த பகுதியும், அத்தகையோரைப் பயிற்றுவிக்கும் பணியில்தான் அமைந்தது.

அப்பணிக்கு எத்துணைத் தேவை இருந்தது என்பதை 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை காட்டுகிறது. அக்குழுவுக்காக மூர் டெய்லர் என்னும் மருத்துவர் நாட்டின் 19 மனநோய் மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். அவற்றில் இருந்த படுக்கைகள் ஏறத்தாழ 10,000. நாட்டின் மக்கள் தொகையோ 40 கோடி. இங்கிலாந்தில் 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தபோது, இந்தியாவில் 40,000 பேருக்கு ஒன்றே இருந்தது. கட்டடங்களைக் கட்டிவிடலாம், பயின்ற மக்களுக்கு எங்கே போவது? எனவே பயிற்சிக்கென அனைத்திந்திய நிறுவனம் ஒன்று வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

அந்நிறுவனம் 1954இல் பெங்களூர் மனநோய் மருத்துவமனையை ஒட்டியே தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கோவிந்தசாமி. மருத்துவருக்கு மட்டும் வகுப்பு நடத்தி அவர் நிறைவடையவில்லை. உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு, மருத்துவ உளவியலில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு 1955இல் தொடங்கியது. மனநோய்ச் செவிலியர் பயிற்சியும் அங்கே இடம்பெற்றது. அதுவரை இந்தியாவில் உளவியல் பெரும்பாலும் தத்துவத் துறையின் நிழலில் வளர்ந்த கல்லூரிப் பாடம். அதைக் கற்றவர் கடும் மனநோயாளியை நேரில் காண்பதே அரிது. நூலறிவு பெற்ற மாணவரை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியது இப்படிப்பு.

அங்கே அம்மாணவர் செய்வது என்ன? நோயாளியோடும் அவர் குடும்பத்தாரோடும் பேசி வாழ்க்கை வரலாற்றைத் தொகுக்கிறார். நினைவு, கவனம், அறிவுத்திறன் ஆகியவற்றைச் சோதனைகளால் அளக்கிறார். மூளைக் கோளாறா, மன முறிவா, பிறவியிலேயே வந்த குறையா என்று பிரித்தறிய மருத்துவருக்குத் துணை நிற்கிறார். நோய் தணிந்தபின், மறந்துபோன அன்றாட வாழ்க்கையை மீண்டும் பழகிக்கொள்ள நோயாளிக்கு உதவுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தவர் வள்ளுவர். அந்நான்காம் இடத்துக்கு உரியவரை வேலையாளாக எண்ணாமல் கல்வி தந்து உயர்த்தியது பெங்களூர் நிறுவனம் எனலாம்.

இப்பணியில் மொழியும் ஒரு மருந்து. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே வார்டில் படுத்திருக்கும் ஊர் இது. ஆங்கிலச் சோதனையை வைத்துக்கொண்டு பாமரரின் அறிவை அளக்க முடியுமா? தார்வாடில் வி. வி. காமத் என்பவர் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றவாறு திருத்தி அமைத்தது இக்காரணம் பற்றியே. துன்பத்தின் உச்சியில் மனிதன் தாய்மொழியில்தான் அலறுகிறான். அதைப் புரிந்துகொள்ளும் செவி ஒன்று அருகில் இல்லையேல், சோதனைத் தாளில் விழும் மதிப்பெண் பொய்யாகிவிடும்.

இந்தியத் தத்துவ நூல்களில் ஈடுபாடு மிக்க கோவிந்தசாமி, மனத்தைப் பற்றி நம் முன்னோர் சிந்தித்தவற்றை ஆராய்ச்சிக்கு உட்படுத்த வேண்டும் என்றும் கருதினார். 1961இல் அவர் மறைந்தார். அவர் நட்ட செடி வாடவில்லை. 1974இல் மருத்துவமனையும் பயிற்சி நிறுவனமும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் என்று பெயர் பெற்றன. 2012இல் அது நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது.

அச்செடியின் நிழல் தமிழகத்திலும் படர்ந்தது. பெங்களூரில் பயின்ற டாக்டர் சாரதா மேனன் 1959இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் சேர்ந்தார். 1961இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். 1984இல் ஸ்கார்ஃப் என்னும் அமைப்பை நிறுவி, கடும் மனநோயுற்றோரின் மறுவாழ்வுக்கு வழிகாட்டினார். 2021இல் மறையும் வரை அப்பணியே அவர் மூச்சாக இருந்தது. கேலிக்குரியனவாக நாம் எண்ணும் இரண்டு பெயர்களையும் இணைப்பது இத்தகைய தொண்டின் இழைதான்.

மாணவ நண்பர்களே! நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவரையே அணுகுவதில்லை. அணுகாமைக்குக் காரணங்கள் பல. பிறர் நகைப்பர் என்னும் அச்சமும் அவற்றுள் ஒன்று. அவ்வச்சத்தை வளர்ப்பதில் நம் வாய்ச்சொல்லுக்கும் பங்கு உண்டு. உளவியல் பயில்வோர் வார்டுக்குச் செல்லலாம்; தமிழ் அறிந்த செவி அங்கே எப்போதும் தேவை. வேறு துறை பயில்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. விடுதி அறையில் உடனிருக்கும் நண்பன் உறங்காமல், உண்ணாமல், தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், கேலி செய்யாமல் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். கோவிந்தசாமிக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.