தூக்குத் தண்டனையை நீக்கிய திவான்: சர் சி.பி.யும் திருவிதாங்கூரின் கொலைக் கணக்கும்

காரோடு: கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள காரோடு இன்று மாநில எல்லையை ஒட்டிய கிராமம். 1956 நவம்பர் 1 வரை அங்கு எல்லைக்கோடு எதுவும் இல்லை. இருபுறமும் ஒரே அரசின் நிலமாக இருந்தது. அந்த நிலம் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தபோது, 1944-ஆம் ஆண்டில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தால், அதே குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை காத்திருந்தது.

இந்த மாற்றத்தின்போது திவானாக இருந்தவர் சர் சி.பி. ராமசுவாமி ஐயர். 1879 நவம்பர் 12 அன்று வந்தவாசியில் பிறந்த இவர், சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். அன்னி பெசண்டின் தன்னாட்சி இயக்கத்தில் பங்கேற்றார். 1920-இல் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும், 1923 முதல் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராகவும் பணியாற்றினார். 1931-இல் மன்னர் சித்திரைத் திருநாளின் சட்ட ஆலோசகரானார். 1936 அக்டோபரில் திவான் பொறுப்பை ஏற்றார். அடுத்த மாதமே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் உருவானது.

இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் குற்றங்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதை எண்களால் அறியும் முயற்சி 1830-களில் ஐரோப்பாவில் தொடங்கியது. பெல்ஜியத்தின் கெத்தலேயும் பிரான்ஸின் கெரியும் அதன் முன்னோடிகள். அத்தகைய ஆய்வுக்கு அரிதாகவே கிடைக்கக்கூடிய ஒரு சான்றைத் திருவிதாங்கூர் வழங்கியது: ஒரே நிலத்தில் சில ஆண்டுகள் தூக்குத் தண்டனை இன்றியும், இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின் மீண்டும் அத்தண்டனையுடனும் கழிந்தன. 1945 முதல் 1950 வரை தண்டனை இல்லாத காலத்தில் 962 கொலைகளும், 1950 முதல் 1955 வரை தண்டனை இருந்த காலத்தில் 967 கொலைகளும் நிகழ்ந்ததாகக் கணக்கு கூறுகிறது. பச்சன் சிங் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பிலிருந்து மாறுபட்ட நீதிபதி பி.என். பகவதி, தமது தீர்ப்பில் இந்த எண்களை எடுத்துக்காட்டினார்.

இந்த எண்களைக் கவனமாகவே படிக்க வேண்டும். மக்கள்தொகை பெருகும்போது கொலைகளின் மொத்த எண்ணிக்கையைவிட, லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதமே சரியான அளவுகோல். 1949 ஜூலை 1 அன்று கொச்சியுடன் இணைந்ததால் அரசின் எல்லையும் மாறியது. ஆகவே, தூக்குத் தண்டனை கொலைகளைக் குறைக்கும் என்பதற்கோ கூட்டும் என்பதற்கோ இது இறுதிச் சான்று ஆகாது. ஆயினும், தூக்குமேடை இல்லையெனில் கொலைகள் பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு இந்தக் கணக்கில் ஆதரவு இல்லை.

கணக்கில் சேராத உயிர்களும் உண்டு. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கோரித் திரண்டோர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. 1946 அக்டோபரில் புன்னப்புரா - வயலார் போராட்டம் அடக்கப்பட்டபோது பெருமளவில் உயிர்கள் பலியாயின. இரண்டும் சி.பி.யின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்தவை. அரசின் துப்பாக்கியால் இறந்தோர் கொலைக் குற்றப் பட்டியல்களில் பொதுவாக இடம்பெறுவதில்லை. தூக்குக் கயிற்றை விலக்கிய ஆட்சியே மக்கள் மீது துப்பாக்கியைத் திருப்பியது என்பது அவரது வாழ்வின் நீங்காத முரண்.

1947-இல் திருவிதாங்கூரைத் தனி நாடாக்க முயன்ற சி.பி., ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் தாக்குதலுக்கு உள்ளாகிக் காயமடைந்தார். ஆகஸ்டில் திவான் பதவியிலிருந்து விலகினார். பின்னர் அண்ணாமலை, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராகப் பணியாற்றிய அவர், 1966 செப்டம்பர் 26 அன்று லண்டனில் காலமானார்.

மறு ஆண்டு, 1967-இல், இந்தியச் சட்ட ஆணையம் தனது 35-ஆவது அறிக்கையில் மரண தண்டனை நீடிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. 2015-இல் அளித்த 262-ஆவது அறிக்கையிலோ, பயங்கரவாதம் தொடர்பான குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது. தண்டனை இன்றும் சட்டத்தில் நீடிக்கிறது. காரோட்டின் இருபுறமும் இப்போது அதற்கு ஒரே சட்டம்தான்.