பூங்காவைப் பெற்றுத் தம்மை ஈந்தவர்

நார்வேயின் தென்கரையில், மண்டால் என்னும் சிறு துறைமுக நகருக்கு அருகே 1869ஆம் ஆண்டு ஒரு தச்சர் இல்லத்தில் பிறந்தவர் குஸ்தாவ் விகலாண்ட். மரச்செதுக்குப் பயிலத் தலைநகர் சென்றவர், தந்தையாரின் மறைவால் ஊர் திரும்பி, 1888இல் மீண்டும் அங்கே புகுந்தார். வறுமையில் வாடிய அவருக்குச் சிற்பி பெர்க்ஸ்லீன் கைகொடுத்தார். பின்னர்ப் பாரிசில் ரோதேனின் பணிக்கூடத்தைக் கண்டார். திரான்ஹெய்ம் பேராலயச் சீரமைப்பில் ஊதியத்துக்குச் சிலை செய்தார். நோபல் அமைதிப் பதக்கத்தை வடிவமைத்தவரும் இவரே. 1979இல் அன்னை தெரேசாவின் கையை அடைந்தது இவர் வடித்த உருவந்தான்.

ஆறு அரக்கர் பெருங்கொப்பரை ஒன்றைத் தாங்கி நிற்கும் வெண்கல நீரூற்றே அவரது நெடுநாட் கனவு. அதனை நாடாளுமன்றத்தின் முன் அமைக்கலாம் என்றனர். பிறகு இடம்பற்றிய வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இதற்கிடையே அவரது பணிக்கூடம் இருந்த இடமும் நகராட்சிக்கு வேண்டியதாயிற்று. வெளியேற மறுத்தவரோடு 1921இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நகராட்சி வீடும் பணிக்கூடமும் கட்டித்தரும். அவர் தம் படைப்புகள் அனைத்தையும், இனிச் செய்பவற்றையும் சேர்த்து, நகருக்கே உரிமையாக்குவார். கலைஞன் ஒருவன் வருங்காலத்தையே அடகு வைத்த பேரம் அது. இழந்தவர் அவரா, நகரா என்பதை எளிதிற் சொல்ல இயலாது. விற்கத் தமக்கென ஒரு சிலையும் அவருக்கு எஞ்சவில்லை. ஆனால் ஒரு பூங்கா முழுவதும் அவர் கைக்கு வந்தது.

1924இல் ஃபுரோக்னர் பூங்காவில் நீரூற்றுக்கு இடம் கிடைத்தது. அதற்கு வழிவிடும் பாலமொன்றை அமைத்து, அதன் இருமருங்கும் 58 வெண்கல உருவங்களை நிறுத்தத் திட்டமிட்டார். அவற்றுள் அரசரோ தளபதியோ இல்லை. தந்தை, தாய், குழந்தை, தழுவுவோர், பிணங்குவோர் ஆகியோரே உள்ளனர், ஆடையுமில்லை, பெயருமில்லை. காலை உதைத்துச் சினக்கும் சிறுவன் ஒருவன் மட்டும் நாடறிந்தவனாகிவிட்டான். மழையிலும் பனியிலும் மேனி கறுத்துப்போன அச்சிலையின் இடக்கை, தொட்டுச் செல்வோரால் பொன்னென மின்னுகிறது. இளமைச் சிற்பங்களிலிருந்த நுண்மை இப்பேருருவங்களில் குறைந்தது உண்மையே. திறந்த வெளியில், தொலைவிலிருந்து காண்பதற்கு இத்திண்மை வேண்டியிருந்தது போலும்.

நடுமேட்டில் 121 மனித உருவங்கள் பின்னி எழும் ஒற்றைக் கருங்கல் தூணை மூன்று கல்தச்சர் 1929 முதல் பதினான்கு ஆண்டுகள் செதுக்கினர். பாலம் 1940இல் திறக்கப்பட்டது. நாடு ஜெர்மானியர் பிடியிலிருந்த 1943 மார்ச்சில் விகலாண்ட் மறைந்தார். நீரூற்று பூங்காவில் நீர் சொரிந்ததை அவர் காணவில்லை. நகராட்சி கட்டித்தந்த பணிக்கூடம் 1947இல் அருங்காட்சியகமாயிற்று. வெண்கலமாக வார்க்கப்படுமுன் அவர் செய்த சுண்ண உருவங்கள் அங்கே கூடங்களில் நிற்கின்றன. அவரது சாம்பல் அக்கட்டடத்தின் கோபுரத்தில் வைக்கப்பட்டுள்ளது.