பஞ்சரத்தினம்

கடலூர்க் கரையிற் சங்கு பொறுக்கித் திரிந்த நாளிலேயே, இடம்புரி எளிது, வலம்புரி அரிது என்பதனை யாம் கற்றுக்கொண்டோம். ஒளிக்கும் அத்தகைய இருசுழி உண்டென்பதனை அண்மையிற்றான் அறிந்தோம். ஒளி அலையின் அசைவு, அது செல்லுந் திசைக்குக் குறுக்காக நிகழ்வது. அவ்வசைவு ஒரே கோட்டில் நில்லாது, திருகாணியின் புரிபோலச் சுழன்று செல்லுமாயின், அதனை வட்ட முனைவுற்ற ஒளி என்பர் பௌதிக நூலார். யாம் ஈண்டு வலம்புரி ஒளி, இடம்புரி ஒளி என்றே வழங்குவோம். தமிழ் பயில்வார்க்கு இத்துணை உரிமையேனும் வேண்டுமன்றோ!

இவ்வொளியை நுணுகி ஆய்ந்தாருள் ஒருவர் சிவராமகிருஷ்ணன் பஞ்சரத்தினம். 1934 இற் கல்கத்தாவிற் பிறந்தவர், சர் ஸி. வி. இராமனுக்கு மருகர். மாமனார் 1931 இலேயே, பகவந்தம் என்பாருடன் கூடி, ஒளித்துகளுக்குச் சுழற்சி உண்டென்று காட்டியவர். அத்தகைய பெருமரத்தின் நிழலில் இளங்கன்று வளர்தல் எளிதன்று. இவரோ பெங்களூரில் அம்மாமனாரின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே, தமக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டார்.

நிறமுள்ள படிகங்களூடே ஒளி செல்லுமாற்றை அவர் ஆராய்ந்தார். ஐயோலைட் என்னும் நீலக்கல்லில் ஒரு புதுமை உண்டு. அதன்கண் சில தனித்திசைகளில் ஒருசுழி ஒளியே மாறாது செல்லும். எதிர்ச்சுழி ஒளி செல்லச் செல்லத் தன்னியல்பு திரிந்து மற்றதுவாகவே மாறும். இவ்வாய்வின் வழியே அவர் உள்ளத்தில் எழுந்த வினா, கேட்பார்க்கு மிக எளியது: முனைவு வேறுபட்ட இரண்டு ஒளிகள் ஒத்தியங்குகின்றன என்று எப்பொழுது சொல்லலாம்? கலந்தவிடத்து ஒளிமிகுதி உச்சமாயின் ஒத்தன என்க என்றார். இனி, முதலாவது இரண்டாவதனோடும், இரண்டாவது மூன்றாவதனோடும் ஒத்திருப்பினும், மூன்றாவது முதலாவதனோடு ஒவ்வாதிருத்தல் கூடும் என்று கண்டார். மாந்தர் நட்பில் இதனை நாடோறும் காண்கின்றோம். ஒளியில் இதனை எதிர்பார்த்தவர் யார்?

காரணம் இது. சிதம்பரத்துத் தேர்வீதி நான்கினையும், கையிலுள்ள கோலைத் திருப்பாது சுற்றி வருவோமாயின், புறப்பட்ட இடத்திற் கோல் முன்போலவே நிற்கும். நிலவுருண்டையின்மேல் நிலநடுக்கோட்டினின்று வடமுனை ஏறி, வேறொரு வழியே இறங்கி, நடுக்கோட்டின் வழியே புறப்பட்ட இடத்திற்கு மீள்வோமாயின், எவ்விடத்தும் திருப்பாத கோல் திரும்பி நிற்கக் காண்போம். ஒளியின் முனைவு நிலைகளையும் ஓர் உருண்டையின்மேற் புள்ளிகளாகக் குறிக்கலாம்: ஒரு முனையில் வலம்புரி, மறுமுனையில் இடம்புரி, நடுக்கோட்டில் நேர்கோட்டு ஒளி. அவ்வுருண்டைமேல் முக்கோணமாகச் சுற்றி மீளும் ஒளியின் அலை, அம்முக்கோணம் அடைக்கும் திண்மக் கோணத்திற் பாதியளவு பிறழ்ந்து நிற்கும். இதனை 1956 இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் எழுதியபொழுது அவருக்கு அகவை 22. எம்மினும் மூன்றே ஆண்டு மூத்தவர்!

உலகம் அதனைக் கண்டிலது. அவர் பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, அணுக்களில் ஒளி விளைக்கும் மாறுதல்களை ஆராய்ந்திருக்கையில், 1969 இல், 35 வயதில் ஆண்டே மறைந்தார். 1984 இல் மைக்கேல் பெரி என்னும் ஆங்கிலேயர், அணுவியலில் இத்தகைய பிறழ்ச்சி பொதுவாக நிகழும் எனக் கண்டு புகழ் பெற்றார். இரண்டாண்டு கழித்து, ஒளியில் இது முன்னரே காணப்பட்டதன்றோ என்று எடுத்துக்காட்டியவர் இருவர்: ஒருவர் இராஜாராம் நித்தியானந்தா, மற்றவர் இராமசேஷன், மறைந்தவருடைய தமையனார். பெரியும் 1987 இற் பஞ்சரத்தினத்தின் முதன்மையை விரித்தெழுதினார். தம்பி பிரிந்து பதினேழு ஆண்டு சென்றபின், அவ்வேடுகளைப் பிரித்த தமையனாரின் நெஞ்சம் எத்தன்மையதாயிருந்ததோ!

இன்று ஒருசுழி ஒளியையே உமிழும் நுண்துகள்களை ஆக்கும் முயற்சி பல நாடுகளில் நடைபெறுகின்றது. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய தூண்களை ஒரு தகட்டின்மேல் நிரைத்துத் தட்டையான வில்லைகளும் செய்கின்றனர். அத்தூணூடு புகும் வலம்புரி ஒளி இடம்புரியாய் வெளிப்படும். தூண் எத்துணைத் திரும்பி நிற்கின்றதோ அதன் இருமடங்கு அலை பிறழும். அப்பிறழ்ச்சிக்குப் பஞ்சரத்தினம், பெரி என்னும் இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர்.