தறியில் தொடங்கிய கணனி

மருதமுனை என்றதும் கைத்தறியின் ஓசையே நம் நினைவுக்கு வரும். தறியில் அமர்ந்து, நூலை எண்ணி, வரிசை பிசகாமல் நெய்து குடும்பத்தைக் காத்த பெண்கள் அங்கு பலர். கணனியின் வரலாற்றிலும் ஒரு தறிக்கு இடமுண்டு. அதன் பொருளை ஆழ்ந்து உணர்ந்தவரும் ஒரு பெண்ணே.

1815 டிசம்பர் 10 ஆம் திகதி இலண்டனில் பிறந்த அடா லவ்லேஸ், கவிஞர் பைரனின் மகள். பிறந்து சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் போக்கு மகளைத் தொற்றிவிடக் கூடாதென அஞ்சிய தாய், வீட்டிலேயே கணிதம் கற்பிக்கச் செய்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலம் அது. பின்னாளில் அவருக்குக் கற்பித்த கணித மேதை டி மோர்கன், மாணவியின் ஆற்றலை வியந்தார். எனினும் அத்தகைய கடுஞ்சிந்தனையைப் பெண்ணுடல் தாங்காதெனத் தாயாருக்குக் கடிதம் எழுதினார்.

1833 இல் அடா, சார்ள்ஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் பின்னர் திட்டமிட்ட கணிப்புப் பொறி, துளையிட்ட அட்டைகளால் இயங்க வேண்டியது. பிரான்சின் ஜக்கார்ட் தறியில் எந்த நூல் மேலெழ வேண்டுமென்பதைத் தீர்மானித்தவை அத்தகைய அட்டைகளே. பொறி குறித்துப் பிரெஞ்சில் வந்த கட்டுரையொன்றை 1843 இல் அடா மொழிபெயர்த்து, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு குறிப்புகளையும் சேர்த்தார். அவற்றில் பெர்னூலி எண்களைக் கணிக்கும் படிமுறையும் இருந்தது. அதுவே முதலாவது கணனி நிரல் எனப் பலர் கொள்வர். பாபேஜின் பங்கைச் சுட்டி மறுப்போரும் உளர். ஆனால் அப்பொறி எண்களோடு நில்லாது இசையையும் ஆக்கக்கூடுமென்ற தொலைநோக்கு அடாவுடையது. (படிமுறையைக் குறிக்கும் அல்கோரிதம் என்ற சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.)

பொறி கட்டி முடிக்கப்படவில்லை. மூன்று பிள்ளைகளின் தாயான அடா, 1852 நவம்பர் 27 ஆம் திகதி தமது 36 ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார்.

1946 இல் அறிமுகமான எனியாக் கணனிக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அமெரிக்காவில் கணனி விஞ்ஞானப் பட்டதாரிகளில் பெண்களின் பங்கு 1980களின் நடுப்பகுதியில் 37 சதவீதத்தை எட்டிப் பின்னர் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. திறமை குன்றியதால் நிகழ்ந்த வீழ்ச்சி இதுவென எவரும் கூற முடியாது. நம் நாட்டிலும் பல்கலைக்கழகம் புகுவோரில் பெண்களே அதிகம். பொறியியல், கணனித் துறைகளிலோ அந்தப் பெரும்பான்மையைக் காணோம்.

1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதோடு தூரம் என்ற காரணமும் நமது கரையோரத்தில் வலுவிழந்தது. ஆயினும் உயர்தரத்துக்குப் பாடம் தெரியும் வேளையில், கணிதம் பெண்பிள்ளைக்குப் பாரமென்று கூறும் வீடுகள் நம்மிடையே இன்னமும் உண்டு. டி மோர்கன் அக்கடிதத்தை எழுதியது 1844 இல்.