கதிரவனைக் கண்காணித்த காரிங்டன்

வானத்துக் கதிரவன், தந்தி ஆபீசிலே வேலை பார்க்கும் தொழிலாளியைத் தாக்குமா? தாக்கியிருக்கிறது, தோழர்களே! 1859-ஆம் ஆண்டிலே, அமெரிக்கத் தந்தி ஊழியர்கள் சிலருக்குக் கருவியைத் தொட்டதும் 'ஷாக்' அடித்தது. அதற்குக் காரணமான தீப்பிழம்பைக் கண்ணால் கண்டவர் ரிச்சர்டு காரிங்டன்.

இங்கிலாந்திலே 1826-ல் பிறந்தவர். தந்தை பீர் ஆலை முதலாளி. மகனைப் பாதிரியாராக்க நினைத்தார். மகனோ வானத்தை நாடினான், வேதத்தை அல்ல! ரெட்ஹில் என்ற ஊரிலே சொந்தப் பணத்தில் ஆய்வுக்கூடம் கட்டினார். இரவிலே விண்மீன், பகலிலே கதிரவனின் கரும்புள்ளி. 3,735 விண்மீன்களுக்கு அட்டவணை போட்டார். அரசாங்க ஆணையா? இல்லை. ஆர்வம்!

1859 செப்டம்பர் முதல் நாள், காலை மணி 11.18. கரும்புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். திடீரென இரண்டு வெண்சுடர்கள்! சாட்சிக்கு ஆள் தேடி ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பினார். அதற்குள் சுடர் மங்கத் தொடங்கிவிட்டது. நல்லவேளை, ஹாட்ஜ்சன் என்ற மற்றொருவரும் தனியே கண்டிருந்தார்.

ஏறக்குறைய 17 மணி நேரம் கழித்துப் பூமியைச் சுற்றிலும் காந்தப் புயல். பம்பாய்க் கொலாபா ஆய்வுக்கூடத்துக் காந்தக் கருவியும் ஆடிற்று. பாஸ்டன், போர்ட்லண்டு ஊழியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மின்கலத்தைக் கழற்றிவிட்டு, கம்பியிலே தானாக ஓடிய மின்சாரத்தைக் கொண்டே இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறினார்கள்! முதலாளிக்குச் செலவில்லாத மின்சாரம்!

காந்தப் புலம் குலுங்கினால் நீண்ட கம்பியிலே மின்னோட்டம் பிறக்கும். அன்று தந்திக் கம்பி; இன்று நூற்றுக்கணக்கான மைல் மின்தொடர். 1989 மார்ச் 13-ல், அதைவிடச் சிறிய புயலே கனடாவின் கியூபெக் மாநிலத்தை இருளாக்கியது. அறுபது லட்சம் மக்கள். ஒன்பது மணி நேரம்! 2012 ஜூலையில் கதிரவன் கக்கிய பெரும்பிழம்பு பூமியின் பக்கம் வராமல் போயிற்று. வந்திருந்தால்?

ஆகவேதான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்: கம்பி எவ்வளவு நீளம், அடியிலே என்ன பாறை, கருகிப்போனால் மாற்று டிரான்ஸ்பார்மர் எத்தனை? பெரிய டிரான்ஸ்பார்மர் கடையிலே தொங்கும் பொருளல்ல. செய்து முடிக்க மாதக்கணக்காகும். கருகுவதற்கோ நிமிடங்கள் போதும். மருத்துவமனையும் குடிநீர்க் குழாயும் அதை நம்பித்தானே இருக்கின்றன!

காரிங்டனோ, சுடரையும் புயலையும் முடிச்சுப்போட அவசரப்படவில்லை. தந்தை 1858-ல் இறந்ததால் பீர் ஆலைப் பொறுப்பு அவர் தலையிலே விழுந்திருந்தது. கேம்பிரிட்ஜ் பதவியும் கிட்டவில்லை. 1861-ல் ரெட்ஹில் ஆய்வுக்கூடத்தை விற்றார். 1875 நவம்பரில் மறைந்தபோது வயது 49.